கொல்லிமலை ஏற்றத்தில் ஓவர்டிரைவ்

குமரகுருவின் பட்டறையில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர்: ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி வெள்ளியங்கிரி, அவர் மருமகள் மதுமதி, பங்காளி செங்கோடன், மெக்கானிக் குமரகுரு. வேறு யாரும் இல்லை.

செங்கோடனை வெள்ளியங்கிரிதான் வரச் சொல்லியிருந்தார். புது ஃபோர்வீல் டிரைவ் பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மருமகள் கெடுத்துவிட்டாள் என்று அவன் நாமக்கல் முழுக்கச் சொல்லித் திரிந்தான். கோளாறு வண்டியில்தான் என்று மெக்கானிக்கைச் சொல்லவைத்து அவன் வாயை அடைக்க வேண்டும்.

குமரகுரு வடித்த ஆயில் கருகி நாறியது.

“வண்டி மேல தப்பில்லீங்க. டிரெய்லர் இழுத்துட்டு மலை ஏறையில ஓவர்டிரைவை ஆஃப் பண்ணோணும். அது வெறும் வண்டி சமதரையில ஓடறதுக்கான மேல் கியருங்க. ஏத்தத்துல அதுல ஏறறதும் எறங்கறதுமா இருந்து ஆயில் வெந்துபோச்சு.”

“பொம்பளை கையில சாவியக் குடுத்தா வேகாம என்ன பண்ணும்?” செங்கோடன் சிரித்தான்.

“ஆஃப் பண்ணித்தானுங்க...” என்று தொடங்கிய மதுமதி, மாமனார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“ஆஃப் பண்ணுனா டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரியுமே. எரிஞ்சுதுங்களா?” என்றான் குமரகுரு.

வெள்ளியங்கிரிக்குக் காது சுட்டது. திங்கட்கிழமை டிரெய்லரில் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறியவர் அவர். மதுமதி ஓவர்டிரைவை ஆஃப் செய்யும் பட்டனை அழுத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். அவள் விளக்கம் சொல்லும் வரை அவர் நிற்கவில்லை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் வளைவிலேயே அந்த மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்தியது. நாற்பது வருஷத்தில் அவர் வண்டி எதுவும் டேஷ்போர்டில் விளக்கு எரிய ரோட்டில் ஓடியதில்லை; எரிந்தால் கோளாறு என்று அர்த்தம். பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார்; அதில் ஓவர்டிரைவ் மறுபடி ஆன் ஆனது அவருக்குத் தெரியாது.

“நாந்தானுங்க ஓட்டினேன்” என்றாள் மதுமதி.

“உன்னை யாரு கேட்டா அம்மிணி?” அவர் போட்ட சத்தத்தில் குமரகுரு ஸ்பேனரைக் கீழே போட்டான். “என் தப்புக்கு நீ முட்டுக் குடுக்கற அளவுக்கு எனக்கு மானம் கெட்டுப் போகலை! டேய் செங்கோடா, காதைத் தொறந்து கேளு. ஓட்டினவன் நானு. லைட்டை அமத்தினவனும் நானு. எங்கூட்டுப் புள்ளை பேரு இனி உன் வாயில வந்துச்சுன்னா இந்த ஆயிலை உன் தலையில ஊத்துவேன்.”

“கோவிச்சுக்காதீங்க அண்ணா, சும்மா...”

“அண்ணனாவது, நொண்ணனாவது! நடடா வெளிய.”

வண்டியைக் கெடுத்தது மருமகள்தான் என்றும், வீட்டு மானத்துக்காக வெள்ளியங்கிரி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றும் இப்போது ஊரில் பேசுகிறார்கள். அது பொய். திங்கட்கிழமை மதுமதி வண்டியை ஓட்டவே இல்லை.