பிடிமண் கணக்கு

ஒரு பிடி மண்ணின் விலை எழுபத்து மூவாயிரம் ரூபாய். சந்தையில் விசாரித்துச் சொல்லவில்லை. விலை வைத்தவனே நான்தான்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் எனக்குப் பழம்பொருள் கடை. அப்பா இதே தெருவில் பித்தளையை எடைக்கு விற்றார். நான் அதே பித்தளையை வயதுக்கு விற்கிறேன். துருப்பிடித்த அரிக்கேன் விளக்கு பரணில் கிடந்தால் குப்பை. அதையே வெள்ளைச் சுவரில் மாட்டி, மேலே சின்னதாக ஒரு பல்பைப் போட்டு, பக்கத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டால் கலை, நாலாயிரம். அழகு பொருளில் இல்லை, அது நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று வருகிற வெளியூர்க்காரர்களிடமெல்லாம் சொல்வேன். இருபது வருடம் இதைச் சொல்லியே வீடு கட்டினேன். ஏமாற்றச் சொன்னதில்லை, நம்பித்தான் சொன்னேன். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

போன ஆனியில், காரைக்குடி சாலையில் ஒரு பெரிய பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியவர்கள் வரவேற்பறையில் நிறுத்த ஒரு மண்குதிரை கேட்டார்கள். அய்யனார் கோயில்களில் நிற்கிற மாதிரியே இருக்க வேண்டும், நாலரை அடி உயரம், வர்ணம் கூடாது. எண்பத்தையாயிரம் என்றேன். மேலாளர் அரவிந்த்குமார் பேரமே பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்னும் ஏற்றிச் சொல்லியிருக்கலாம்.

திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிவசாமி வேளாரிடம் போனேன். குதிரை செய்கிறவர்களில் அவருக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை. போனை எடுத்ததும் அட்வான்ஸ் போட்டாச்சா என்பதுதான் அவருடைய ஹலோ. அன்று அவர் ஊர் அய்யனாருக்கு ஒரு நேர்த்திக் குதிரையைத் தொடங்க இருந்தார். அதே நாலரை அடி, விலை பன்னிரண்டாயிரம். அதே விலைக்கு எனக்கும் ஒன்று சேர்த்துச் செய்கிறேன் என்றார்.

நேர்த்தி திலகவதியுடையது. அவள் புருஷன் குணசேகரனுக்குக் குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடது கால் நொறுங்கியது. எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொன்ன கால். அந்தக் காலோடு நடந்து வந்தால் குதிரை எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். தாங்கித் தாங்கி என்றாலும் தன் காலிலேயே வந்து சேர்ந்தார்.

நான் வேளார் களத்தில் உட்கார்ந்திருந்தபோதே திலகவதி தன் கொல்லையிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். நேர்த்திக்காரர் கொடுக்கிற பிடிமண்ணைச் சேர்த்துப் பிசைந்த பிறகுதான் சாமி குதிரைக்கு வேலை தொடங்கும். முடிச்சை அவிழ்த்துக் குழைத்த மண்ணில் கொட்டினாள். முந்தானையை உதறினாள். கையில் ஒட்டியிருந்ததையும் தட்டி உள்ளே போட்டாள். எடை குறையக்கூடாதென்று பார்க்கிற வியாபாரி மாதிரி இருக்கிறாளே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சூளையிலிருந்து எடுத்தபோது என் குதிரைக்கு இடது முன்னங்கால் வெடித்து உடைந்திருந்தது. ஓட்டல் திறப்பு வெள்ளிக்கிழமை. வேறு செய்ய இருபது நாள் ஆகும் என்று சிவசாமி போனில் சொன்னார். அவர் அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வியாழக்கிழமை நான் மினி லாரியோடு களத்தில் போய் நின்றேன். அவர் மனைவி அழகி, வேப்பமரத்துக்கு அங்கிட்டு நிற்பதுதான் உங்களுடையது என்று கையைக் காட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே கை, ஒரே குளத்து மண், ஒரே சூளை. காதின் சாய்வு, கழுத்து மணி, மூக்கின் விடைப்பு எல்லாம் ஒன்றுபோல. இதில் ஒன்று சாமிக்கு, ஒன்று ஓட்டலுக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது? ஒன்றில் ஒரு பிடி மண் கூட இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டுகிற தராசு எந்தக் கடையிலும் இல்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் எண்பத்தையாயிரத்துக்கும் நடுவே எழுபத்து மூவாயிரம் நின்றது. அதற்குக் குறுக்கே நின்றது அந்த ஒரு பிடி மட்டும்தான்.

திலகவதியின் குதிரையை லாரியில் ஏற்றினேன். உடைந்ததன் காலுக்குள் கம்பி கொடுத்து, குழாய் அடைக்கிற பசை வைத்து, செங்கல் தூளைத் தேய்த்தேன். எங்கள் தொழிலில் இது அரைமணி நேர வேலை. வர்ணமில்லாத ஓட்டல் குதிரையில் ஒட்டு தெரிந்துவிடும், சாமி குதிரை என்றால் சுண்ணாம்பு மறைத்துவிடும். லோடுமேன்களைக் கொண்டு அதை அவள் குதிரை நின்ற இடத்துக்கு நகர்த்தியும் வைத்தேன்.

மறுநாள் சிவசாமி போன் செய்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அண்ணே, மாத்திட்டீங்க."

"ரெண்டும் ஒங்க கையில வந்ததுதானே வேளாரே. வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க."

"செஞ்சது ரெண்டுந்தாண்ணே. அந்தப் புள்ள மண்ணு கொடுத்தது ஒண்ணுக்குத்தான்."

நிற்கிற இடம்தான் கணக்கு, அய்யனார் முன்னால் நின்றால் அதுவும் அய்யனார் குதிரைதான் என்றேன். இன்னும் ஆறு குதிரைக்கு ஆர்டர் இருக்கிறது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் அட்வான்ஸ் போட்டேன். பணம் திரும்பி வரவில்லை. ஒரு மனிதரின் வாய் இவ்வளவுக்கு மூடுகிறதென்றால் இதைவிடக் குறைவாகவே போட்டுப் பார்த்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. வளர்ந்த விதம் அப்படி.

அடுத்த வாரம் புரவி எடுப்பு. விஷயம் அமுங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன். குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சளும் காவியும் தீட்டி, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். இடது முன்னங்காலில் மட்டும் சுண்ணாம்பு கனமாக இருந்தது. சிவசாமி அதை மூன்று தடவை பூசியிருக்க வேண்டும். கம்புகளில் கட்டி, கொட்டு முழங்க, தோளில் சுமந்து போனார்கள். கோயில் முன்னால் இறக்கும்போது ஒரு பக்கம் தடுமாறி, அந்தக் கால் தரையில் இடித்தது. பசை பெயர்ந்து கம்பி வெளியே வந்தது.

கொட்டு நின்றுவிட்டது. ஊரே சிவசாமியைப் பார்த்தது.

"என்ன வேளாரே, வெளியூரு ஆர்டருன்னா முழுசு, நம்ம சாமிக்குன்னா ஒட்டா?" என்றார் ஒருவர். இனிமேல் அய்யனாருக்குப் போட்டோவை அனுப்பிவிடுவார், செலவு மிச்சம் என்றார் இன்னொருவர். சிவசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். நான்தான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்னென்ன போகும் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: ஓட்டல், அதன் மூலம் வரக்கூடிய மற்ற ஓட்டல்கள், கடையின் பெயர். கூட்டி முடிப்பதற்குள் திலகவதி முன்னால் வந்துவிட்டாள்.

குதிரையின் காலடியில் உட்கார்ந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, வேட்டியை மடித்துக் கட்டி நின்ற புருஷனின் காலைப் பார்த்தாள். முழங்காலிலிருந்து கீழே நீளமாகத் தையல் தழும்பு.

"இவருக்கும் உள்ள கம்பிதான் வச்சிருக்கு," என்றாள். "அதே காலுதான். அய்யனாரு இவரு நோவை வாங்கித் தன் குதிரைக்கு வச்சுக்கிட்டாரு. வேளாரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. இப்பத்தான் இது என் குதிரை."

பெண்கள் குலவையிட்டார்கள். கொட்டு மறுபடி எழுந்தது. சிவசாமி தூரிகையை எடுத்துக் குதிரைக்குக் கண் திறந்தார். முதல் கண் கொஞ்சம் கோணிக்கொண்டது.

என் பாடம் அன்று ஜெயித்தது என்றே சொல்ல வேண்டும். எந்த வெள்ளைச் சுவரும் எந்த பல்பும் ஒரு பொருளை அவ்வளவு உயரத்தில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் அருள் என்று படித்தது என் களவைத்தான். நான் உண்மையைச் சொன்னால் அந்தக் குதிரை மறுபடி ஒட்டுப்போட்ட மண்ணாகிவிடும். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு வசதி! அவள் பேசுவதற்கு முன்னாலேயே மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பொங்கல் கொடுக்கும்போது என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "அண்ணே, நான் மண்ணு கொடுத்தன்னைக்கு நீங்க களத்துல இருந்தீங்க. ராசியான ஆளு," என்று இரண்டு கை நிறைய வைத்தாள். சாப்பிட்டேன். அதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் சிவசாமி அட்வான்ஸை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிப் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு கடையைத் திறக்க முடியவில்லை. நேராக ஓட்டலுக்குப் போனேன். குதிரை வெள்ளைச் சுவருக்கு முன்னால், மேலே சின்னதாக ஒரு பல்போடு, தனியாக நின்றது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. எண்பத்தையாயிரத்தைத் திருப்பித் தருகிறேன், குதிரையைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பிறகு ஒரு லட்சம் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கொடுக்க வேண்டிய விலையை நானே ஏற்றினேன்.

அரவிந்த்குமார் சிரித்தார். "இதுதான் சார் இப்ப எங்க லோகோ. ஒங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு செஞ்சுக்கலாமே. அதே ஆளு, அதே மண்ணு. என்ன சார் வித்தியாசம்?"

ஒரு பிடி மண் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். நானும் அன்று களத்தில் சிரித்தவன்தானே.

அவர் போன் பேசப் போனதும் குதிரையின் வயிற்றுக்கடியில் குனிந்து, கார் சாவியால் சுரண்டிக் கைக்குட்டையில் பிடித்தேன். வெந்த மண் லேசில் வரவில்லை. காவலாளி வந்து, என்ன சார் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சாவி என்றேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே.

அந்தத் தூளைக் கொண்டுபோய் அய்யனார் கோயிலில் கம்பி தெரிகிற காலுக்குக் கீழே கொட்டினேன். கைக்குட்டையை உதறினேன். கையில் ஒட்டியிருந்ததையும் தட்டினேன்.

கணக்கு இப்படி நிற்கிறது. வரவு, ரூபாய் எழுபத்து மூவாயிரமும் இரண்டு கை பொங்கலும். திலகவதியிடம் எடுத்தது ஒரு பிடி. திருப்பியது ஒரு சிட்டிகை. அதில் அவள் கொல்லை மண் எத்தனை, குளத்து மண் எத்தனை என்று தெரியாது. சிவசாமிக்கு, ஊர் கேட்கச் சொல்ல வேண்டியது, ஒரு வார்த்தை. பாக்கி.