ஜூன் மாதத்துப் பவுடர்

'டமார்!'

கோட்டையில் நேரம் அறிவிக்கும் ஒரு மணி பீரங்கி. எடின்பரோவில் இதற்குத் துள்ளுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்போம். அன்று நானும் துள்ளினேன். அதே நொடியில் என் மேலதிகாரி முர்டோ டால்கிளீஷ் ஒரு தாளை மேஜையில் அறைந்திருந்தார்.

"எல்ஸ்பெத், கால்டன் இன்சூரன்ஸ் பங்கு மொத்தத்தையும் வித்துடுங்க. இன்னிக்கே. கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"வர்ற திங்கள் ஜூன் முப்பது."

புரிந்தது. அரையாண்டு முடிகிற அன்றைய தேதியில், வாடிக்கையாளர் பணத்தில் நாங்கள் வாங்கி வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல்தான் அவர்களுக்குப் போகும். அதில் அடிவாங்கிய பங்கு தெரியக்கூடாது. ஊரே புகழும் பங்கு பளபளக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, விற்றதையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போகவரத் தரகுக் கூலி வாடிக்கையாளர் தலையில். வருஷத்துக்கு இரண்டு முறை இப்படிப் பவுடர் பூசுவது எங்கள் தொழிலின் சம்பிரதாயம்.

"இது பக்கி ஊர் மீனவங்களோட பென்ஷன் பணம், முர்டோ. பங்குச்சந்தைக் குறியீட்டில இருக்கிற நூறு பெரிய கம்பெனியில மலிவானதைப் பாத்து வாங்கு, பொறுமையா இருன்னுதான் நம்மகிட்ட குடுத்தாங்க."

"பொறுமையைப் பட்டியல்ல போட முடியுமா? பென்ஷன் நிதியோட அறங்காவலர் அம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கெடிஸ் அம்மாவா? முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவங்க. புயல் நஷ்ட ஈடு குடுத்ததால விலை விழுந்துது, கம்பெனி விழலைன்னு சொன்னா அவங்களுக்குப் புரியும். இன்னிக்கு விலையில, அதோட ஆறு வருஷ லாபத்தைக் கூட்டினா கம்பெனியையே வாங்கிடலாம். இதைப் போய் விக்கணுமா?"

"பிரசங்கத்துக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு."

"அப்ப திருட்டுக்கு எந்தக் கிழமை?"

பக்கத்து மேஜைகளில் சாண்ட்விச் மெல்லும் சத்தம் நின்றது. முர்டோவின் காது சிவந்தது.

"நீங்க போடலேன்னா நான் போடறேன். திங்கட்கிழமை உங்க மேஜையும் காலி."

பேனாவை உருவினார். பனிக்கடலில் கை விறைத்துச் சேர்த்த காசு. அதை ஒரு தாளின் அழகுக்காக இவர் கரைப்பார், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்!

"கொஞ்சம் இருங்க, சார்!" விதிமுறைப் பிரிவு ஷோனா படிவத்தோடு ஓடி வந்தாள். வாடிக்கையாளரின் பங்கை விற்கும் நாளில், உத்தரவு போடுகிறவரிடம் சொந்தமாக அதே பங்கு இருந்தால் முதலில் எழுதித் தந்தாக வேண்டும். அவள் பொல்லாத ஒழுங்குக்காரி. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டாள்.

"உங்க பேர்ல கால்டன் இன்சூரன்ஸ் பதினோராயிரம் பங்கு இருக்கே, சார். போன மாசம்கூட வாங்கியிருக்கீங்க. அதையும் இன்னிக்கே விக்கறீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

முர்டோ கையெழுத்திலேயே கண்ணாக இருந்தார். நிமிராமலே சொன்னார்:

"என்னோடதையா? இந்த அடிமாட்டு விலைக்கா? எனக்கென்ன பைத்தியமா!"