மூன்று தடவை அடிக்கிற மனுஷன்

மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தால் வீடு முழுக்க கேஸ் நாற்றம். லைட் சுவிட்சுக்குப் போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன்.

அப்போது மாடிப்படியில் என் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. பையில் சாவி இருந்தாலும் காலிங் பெல்லை மூன்று தடவை அடித்தால்தான் அந்த மனுஷனுக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். கூடத்துச் சுவரில் இருக்கும் அந்தப் பழைய பெல்லோ, அடித்தாலே பொறி பறக்கும்.

கத்தினால் பதறிப்போய் இன்னும் வேகமாக அடிப்பார். வாயை மூடிக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தேன். பெல் சுவிட்சைத் தொடப்போன அவர் விரலை இறுக்கிப் பிடித்தேன்.

"ஏண்டி, பெல் அடிக்கிறதுகூடப் பொறுக்கலையா உனக்கு?"

அவரைக் கீழே இழுத்துக்கொண்டு ஓடினேன். தெருவுக்கு வந்த பிறகும் அந்த விரலை என்னால் விட முடியவில்லை.