தப்பான பதிலுக்கு ஓர் அறை

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனும் அவன் மனைவியின் தம்பியும் தினமும் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து வினாடி வினா விளையாடுவார்கள். தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடித்ததும் இருவரும் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் கன்னத்தில் மற்றவன் ஓர் அறை விடலாம். வேலை போய், தம்பி அக்கா வீட்டுக்கு வந்த புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. சும்மா தட்டுவார்கள். தையல் மிஷினில் இருந்தபடியே அக்காவும் சிரிப்பாள்.

பிறகு மெக்கானிக் மட்டுமே ஜெயிக்கத் தொடங்கினான். அடியும் கனத்தது. தம்பியின் கன்னம் உள்பக்கம் பல்லில் கிழிந்து, காரம் சாப்பிட முடியாமல் போனது. போதும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வெட்டியாக உட்கார்ந்திருப்பவனுக்கு அறிவாவது வளரட்டும் என்றான் கணவன். தம்பியோ ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வெறியில் தினமும் வந்து உட்கார்ந்தான்.

ஒரு மத்தியானம், மாமா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு தம்பி டிப்போவுக்குப் போனான். ஓய்வறை டிவியில் அதே தொகுப்பாளர். சாயங்காலம் வீட்டில் பார்ப்பது மறு ஒளிபரப்பு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மெக்கானிக் கிரீஸ் கையோடு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தம்பி கதவோரம் நின்று நிகழ்ச்சி முடியும்வரை பார்த்தான். டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

அன்று சாயங்காலம் முதல் கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அறை வாங்கினான். காது அடைத்துப்போனது. அடுத்த கேள்விக்கு, தொகுப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே பதிலைச் சொன்னான். அதற்கடுத்ததற்கும் அப்படியே.

“மத்தியானமே நானும் பாத்துட்டேன் மாமா. வாங்கினதுக்கெல்லாம் சேத்து இப்போ கன்னத்தைக் காட்டுங்க.”

“ஓசிச் சோறு தின்னுட்டு என்னையே வேவு பாக்கறியா?” என்று மெக்கானிக் எழுவதற்குள் முகத்தில் குத்து விழுந்தது. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் தலையால் முட்டித் தம்பியை டிவியோடு சாய்த்தான். திரை நொறுங்கியது, உள்ளே கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கித் தம்பியின் கையில் வைத்து அழுத்தினான். தோல் கருகும் வாடை அறையெங்கும் பரவியது. தம்பி அலறிக்கொண்டே மாமாவின் குரல்வளையைப் பிடித்து நெரித்தான்.

அவள் நடுவில் புகுந்தாள். விட்டுவிடச் சொல்லி இருவரையும் கெஞ்சினாள். மெக்கானிக் பெட்டியை ஓங்கி இறக்கினான். தம்பி விலகிவிட்டான். மேஜையில் ஊன்றியிருந்த அவளுடைய வலது கைமேல் அது விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் இருவரும் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது, கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது என்று கணவன் முந்திக்கொண்டான். தம்பியும் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

“இல்ல டாக்டர். இவர் இஸ்திரிப் பெட்டியால அடிச்சார். எழுதிக்குங்க,” என்றாள் அவள்.

போலீஸ் வந்து மெக்கானிக்கைக் கூட்டிப்போனது. இனிமேல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகத் தம்பி கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றான்.

“அவரை அடிக்கிறதுக்குத்தான்டா நீ அந்த வீட்டுல இருந்தே. எனக்காக இல்ல. நீயும் போயிடு.”

அவன் அழுதபடி வெளியேறினான். அவள் திரும்ப அழைக்கவில்லை.

எலும்பு கூடினாலும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் துணி வெட்டிப் பழகினாள். வெட்டியதெல்லாம் கோணிக்கொண்டு போனது. பழைய போர்வையை விரித்து மறுபடியும் வெட்டினாள். ஜாமீனில் வந்த மெக்கானிக் ஒரு காலையில் கதவைத் தட்டினான். சாவி போட்டுப் பார்த்தான். பூட்டு மாறியிருந்தது. கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு உதைத்தான். கதவு அதிர்ந்தது. அவள் கத்திரிக்கோலை இடது கையில் இறுகப் பிடித்தபடி உள்ளே நின்றாள். அவன் படியிறங்கித் தெருவைக் கடந்து போகும்வரை அப்படியே நின்றாள்.