ஒட்டுவாரொட்டி இல்லை

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக ஒரு பெண் அவள் கைக்குத் தப்பித்து முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கடையில் அவளுக்கு வேலையே முகங்களோடுதான். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மூக்கில் சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். உறுத்தினால் கம்பியைச் சூடான காற்றில் காட்டி, மயிரிழை அளவு வளைத்து, மறுபடியும் மாட்டுவாள். அவள் மாட்டிவிட்டால் கண்ணாடி போட்டிருப்பதே தெரியாது என்று தேடி வருகிறவர்கள் உண்டு. அந்தக் கையைப் பார்த்துத்தான் அன்றைக்கு அந்தப் பெண் நாற்காலியோடு நகர்ந்து, வேறு ஆள் யாரும் இல்லையா என்று கேட்டாள்.

கை பார்க்கச் சகிக்கும்படி இல்லை என்பது அவளுக்கே தெரியும். சின்ன வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் என்கிற தோல் நோய் இருந்தது. படிப்பு முடிவதற்குள் போன இடம் தெரியாமல் போய்விட்டது. பிள்ளை உண்டானதும் விட்ட குறை தொட்ட குறையாகத் திரும்பி வந்தது. முதலில் மடிப்புகளில், பிறகு கழுத்தில், மணிக்கட்டில், விரல் இடுக்குகளில். சிவந்து தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. தூக்கத்தில் அவளையும் அறியாமல் சொறிந்துகொள்வாள். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தத் தீற்றல்.

கடை முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்றும் யாரும் சொன்னதில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, மாசமாக இருக்கிற பெண் நாள் முழுக்க நின்று வேலை செய்வதைப் பார்க்கத் தன் மனசு கேட்கவில்லை என்றார். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளட்டும், ஓய்வாக இருக்கும் என்றார். பேச்சில் தேன் ஒழுகியது. கண் மட்டும் அவள் விரல்களை விட்டு நகரவில்லை.

அந்த ஓய்வின் லட்சணம் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. லென்ஸ் தேயும்போது மெஷின் தண்ணீரைப் பீச்சிக்கொண்டே இருக்கும். தேய்ந்த தூள் அதில் குழைந்து வெள்ளைக் கூழாகக் கையில் வழியும். ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். வெடித்த கைக்கு அதைவிடக் கேடான வேலையை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வியர்த்து இன்னும் பற்றி எரிந்தது. முதலாளியிடம் சொன்னபோது, எல்லாருக்கும் எல்லா வேலையும் பிடிக்குமா என்று சிரித்தார்.

வீட்டில் வேறு கதை. கணவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் இருப்பவன் எங்கே பிரேக்கை மறப்பான் என்று பார்த்துப் பார்த்தே பிழைப்பு நடத்தியதில், பயம் அவனுக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது. அவள் சின்ன வயதில் தடவிய களிம்பை வாங்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் போனில் எதையோ படித்துவிட்டு, கர்ப்பத்தில் இதெல்லாம் விஷம் என்று குப்பையில் போட்டான். அவள் மறுபடி வாங்கப் போனாள். மருந்துக்கடைக்காரர் முதலில் வயிற்றைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எலிப்பாஷாணம் கேட்டவளைப் போல வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்.

பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாவிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, வயிறு பெரிதாகும்போது தோல் இழுபடும், அரிக்கத்தான் செய்யும், பிள்ளை பிறந்தால் தானாகப் போய்விடும் என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

மாமியாருக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பட்டப்பெயர். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஆனால் பால்காரரில் ஆரம்பித்து வீட்டுச் சொந்தக்காரர் வரை அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. கொசு கடித்ததற்கு மருந்து போட்டுக்கொண்டவன் பெண்டாட்டிக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டான் என்று மகனை விளாசுவார். ஆனாலும், பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொல்லிவிட்டால் வக்கீலம்மாவுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் யாருக்கும் எதிர்வாதம் இல்லை. அவளுக்கும் இருக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை, விரல்களை மடக்கவே முடியவில்லை. கசிந்த இடமெல்லாம் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். பிள்ளையின் இதயத் துடிப்பு அருமையாக இருக்கிறது என்றார். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதி நீட்டிவிட்டு, அடுத்தவரை வரச்சொல்லி மணியை அடித்தார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பிள்ளை நல்லா இருக்கு டாக்டர். நான் நல்லா இல்ல."

வெளியில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. வக்கீலம்மா வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இந்த வழக்கைத் தானே பேச வேண்டும் என்று தோன்றியது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். துணி பொருக்கோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. இரண்டு கைகளையும் மேஜைமேல், கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்தாள்.

"வரும்போதெல்லாம் சொன்னேன். ஒரு தடவைகூட நீங்க பாக்கல. வயித்த மட்டும்தான் பாக்குறீங்க. அதைச் சுத்தி ஒரு ஆள் இருக்கேன்."

குரல் உயரவில்லை. டாக்டரம்மா பார்த்தார். அப்புறம் மேல்மாடியில் இருக்கும் தோல் டாக்டருக்குத் தானே போன் செய்து, இப்போதே அனுப்புகிறேன் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசிவரை வரவில்லை.

தோல் டாக்டர் வயதானவர். அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் என்ன தடவினாய் என்று கேட்டார். எதுவும் தடவ விடவில்லை என்றாள். அவர் முகம் கடுகடுத்தது. இது எக்ஸிமா, அந்தப் பழைய கரப்பான்தான், கர்ப்பத்தில் இப்படிக் கிளம்புவது சாதாரணம் என்றார். ஒட்டுவாரொட்டி இல்லை, யாரைத் தொட்டாலும் யாருக்கும் வராது. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்ததால்தான் காய்ச்சல். அதற்குக் கர்ப்பத்துக்குப் பொருந்துகிற மாத்திரை கொடுத்தார். உள்ளங்கை அரிப்பு சில சமயம் ஈரல் கோளாறாக இருக்கலாம் என்று ரத்தமும் எடுக்கச் சொன்னார். அதில் குறை ஏதும் இல்லை. தோல் காயாமல் இருக்கத் தடவும் கிரீமோடு ஒரு களிம்பும் எழுதினார். கணவன் குப்பையில் போட்டானே, அதே வகை.

மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ இது பிள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னதெல்லாம்?"

"சொன்ன அளவுக்குத் தடவினா ஒண்ணும் ஆகாதும்மா. தாய் இப்படித் தூங்காம, புண்ணும் காய்ச்சலுமா கிடந்தாதான் ரெண்டு பேருக்கும் ஆகாது."

அன்று சாயங்காலம் கணவன் கதவோரம் நின்றுகொண்டு, குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் செய்ததாக இழுத்தான்.

"உங்க பயத்துக்கு என் தோலை உரிச்சுக் குடுத்தேன்" என்றாள். சில நாள் அவனோடு பேசவே இல்லை. முதுகில் எட்டாத இடத்துக்கு மாமியார்தான் கிரீம் தடவினார். பிறகு ஒரு நாள் அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தான். விரல் பயந்து பயந்து நகர்ந்தது. அவள் தடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

காய்ச்சல் விட்டு, புண் ஆறி, தோல் வெளிறிய சிவப்பாக ஆனதும் கடைக்குப் போனாள். பின்னறைக்குப் போகாமல் நேரே முன்பக்க மேஜையில் உட்கார்ந்தாள். முதலாளி வந்தார். டாக்டர் சொன்னதை அவள் சொன்னதும், ஒட்டாது என்றால் சந்தோஷம், ஆனால் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார்.

"போன மாசம் பூரா நீங்க வர்றவங்க மூஞ்சியில தும்மிக்கிட்டே இருந்தீங்க சார். அது ஒட்டும். உங்ககிட்ட யாராச்சும் சான்றிதழ் கேட்டாங்களா?"

பில் போடும் பெண் குனிந்துகொண்டாள்; தோள் மட்டும் குலுங்கியது. முதலாளி காதில் விழாதவர் போல லென்ஸ் பெட்டிகளை எண்ணப் போனார். ஈர வேலைக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்றும், அங்கே போனதில்தான் இந்தக் கதி என்றும் அவர் முதுகுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

முதலில் வந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பார்த்ததும் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். திரும்பி வரவில்லை. முதலாளி கடை முழுக்கக் கேட்கப் பெருமூச்சு விட்டார். மனசு சுருக்கென்றாலும் அவள் நகரவில்லை. அடுத்து வந்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியர்; பந்து பட்டுக் கண்ணாடிக் கம்பி கோணியிருந்தது. கையைப் பார்த்து, இது என்னங்க என்று நேராகவே கேட்டார்.

"எக்ஸிமா. உங்களுக்கு ஒட்டாது. நான் பாக்கட்டுமா, வேற ஆளைக் கூப்பிடவா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைக்கே அவளுக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். கம்பியைச் சூட்டில் காட்டி நிமிர்த்தி, மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலை வைத்து உறுத்துகிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

பிரசவ விடுப்பு எடுக்கும்வரை அவள் அந்த மேஜையில்தான் இருந்தாள், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு.