பலாச்சுளை வெளிச்சம்

ஜமுனாமரத்தூருக்கு மேலே, மாதா கோயிலை ஒட்டிய வீட்டில் இருக்கும் உபதேசியார் அருண்ராஜ் ஏப்பம் விட்டால் வாயிலிருந்து வெளிச்சம் வரும். சுளைக்கு ஒன்று, மின்மினி அளவுக்கு. சாமைச் சோற்றுக்கு வராது, கோழிக் குழம்புக்குச் சுத்தமாக வராது, பலாவுக்கு மட்டும்தான். அதற்காக ஊரில் யாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பதில்லை.

எல்லாம் வேலூரில் நடந்த பயிற்சியால் வந்த வினை. ஆதாமின் பாவம் ஆசையின் வழியாகத்தான் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்று பழங்காலத்து ஆப்பிரிக்க ஆயர் ஒருவர் எழுதியதை அங்கே படித்தார். அந்த ஆயர் வாலிபத்தில் மானி என்பவரின் கூட்டத்தில் இருந்தவராம். அந்தக் கூட்டத்தார் ஒருபடி மேலே போய், கனிக்குள் கடவுளின் ஒளி மாட்டிக்கொண்டிருக்கிறது, துறவி தின்றால் அது விடுதலையாகி நிலாவுக்குப் போகும், பிள்ளை பெற்றால் மறுபடியும் உடம்புக்குள் சிறைப்படும் என்றார்கள். ஆயர் பிற்பாடு அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டார். நம் அருண்ராஜோ இரண்டையும் போட்டுக் குழப்பி, இரண்டையும் நம்பினார். ஊர் திரும்பிய அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலின் பின்னறைக்குக் குடிபோனார்.

அவர் மனைவி சரிதாவுக்குப் பிள்ளை ஆசை கழுத்துமட்டும் இருந்தது. புருஷன்மேல் இருந்த ஆசை அதற்கும் மேலே. அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு பலாவை அறுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னாங்க, துன்றதுல தப்பில்லயே?"

"இல்ல. துன்னாதான் ஒளிக்கு விடுதலை."

"அப்போ துன்னுங்க."

தின்றார். ஏப்பம் வந்தது, வெளிச்சமும் வந்தது. அது ஜன்னல்வரை போய் நின்று, நிலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சரிதாவின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்தது காதுமடலில். "அங்க இல்ல, மேல போ" என்று அவர் அதட்டியதை எதுவும் காதில் வாங்கவில்லை. பலாப் பருவம் முடிவதற்குள் சரிதா சந்தைக்குப் போனால் எதிரே வருபவர்கள் கண்ணைச் சுருக்க வேண்டியதாயிற்று. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அருண்ராஜ் தன் கையாலேயே அவற்றைத் தட்டிவிட வந்தார். தட்டிவிட வந்த கை அங்கேயே தங்கிவிட்டது.

அப்புறம் பத்து மாதமும் மனிதர் நடுங்கிக்கொண்டே இருந்தார். பெண் குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டு சாந்தம்மாள் அதைத் துணியோடு தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"ஜென்மப் பாவம், ஜென்மப் பாவம்னு சொல்லிக்கினு இருந்தீங்களே உபதேசியாரே, எங்க கீதுன்னு பாத்து சொல்லுங்க."

அவர் விளையாட்டுத் தெரியாதவர். நிஜமாகவே தேடினார். அக்குளில் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கால்விரல்களைப் பிரித்துப் பார்த்தார். குழந்தை தன் முஷ்டியை வாய்க்குள் திணிக்கப் பார்த்து, முடியாமல் வீறிட்டது. அவர் தேடுவதை விட்டுவிட்டார்.

"பாவம், பசிக்குது போல" என்றார்.

சாந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரிதா குழந்தையை வாங்கி மாரோடு அணைத்தாள். பால் இறங்க இறங்க அந்தச் சின்னத் தொண்டை வெளிச்சமாகத் தெரிந்தது. கரண்டு எதற்கு வீணாக என்று சாந்தம்மாள் எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.