வியாழக்கிழமை விசில்

கனகசிங்கத்துக்கு டேர்போ வேண்டும்; ஆனால் நல்ல டேர்போ வேண்டாம். இந்த வில்லங்கத்தைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருந்த இப்றாஹிமுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மனிசன் பத்து நாளாகக் கொழும்புக்கும் வாழைச்சேனைக்கும் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி எஞ்சினுக்குள் காற்றூதி இழுவை கூட்டும் டேர்போக்கள் மூன்றை வரவழைத்து மேசையில் வரிசையாக வைத்திருந்தான்.

"இஞ்ச பாருங்க அண்ணன். இது ஜப்பான் சாமான், கழட்டிப் புதுசாக்கினது. உங்கட பிக்கப்புக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. இது பெட்டி உடைக்காத புதுசு, ஒரு வருசத்துக்குப் பயமில்ல. இது துபாயில இருந்து வந்தது, கொஞ்சம் பெரிசு. முதல்ல சுணங்கும், மறுகா இருபது மூட்டை நெல்லையும் இழுத்து எறியும். எது வேணும்?"

கனகசிங்கம் மூன்றையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் எப்பிடி?" என்று கேட்டார்.

"முதல் ரெண்டும் மூச்சுக் காட்டாது. பெரிசு கொஞ்சம் ஊதும்."

"ஊதிக் காட்டு, பாப்பம்."

"அல்லாவே! இதென்ன நாதஸ்வரமா, வாயில வெச்சு ஊத?"

வண்டியிலிருந்து கழற்றிய பழைய டேர்போ நிலத்தில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. இப்றாஹிம் அதைத் தூக்கி, நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். கிழவியின் பல்லைப் போல அது ஆடியது. "இது வழியில உடைஞ்சா, எஞ்சின் தன்ட ஒயிலையே குடிச்சுக்கொண்டு ஓடும். திறப்பைத் திருப்பிக் கழட்டினாலும் நிக்காது. விளங்குதா?"

"விளங்குது. ஆனா இந்தச் சத்தம்தான் எனக்கு வேணும்."

"சத்தம் வாறதே சாமான் பழுதானதாலதான்! விசிறியில ரெண்டு இலை பல்லுப் போயிரிக்கி. எந்த மடையன் இதை இப்பிடிப் பாழாக்கினது?"

"என்ட மகன்" என்றார் கனகசிங்கம்.

இப்றாஹிம் டேர்போவைச் சாக்கின்மேல் மெதுவாக வைத்தான்.

மகன் அதைப் பூட்டியது 2005 ஆம் ஆண்டு. அதற்கு முந்தின மார்கழியில்தான் நாவலடிக்குத் தமக்கை வீட்டுக்குப் போன கனகசிங்கத்தின் மனைவியைக் கடல் கொண்டுபோனது. வவுணதீவு வீட்டில் தகப்பனும் மகன் விஜிதரனும் மட்டும் மிஞ்சினார்கள். வண்டி மூட்டைப் பாரத்தில் இழுக்கவில்லை என்று பொடியன் எங்கோ பழைய சாமான் கடையில் ஒரு டேர்போ வாங்கி வந்து, இரண்டு நாள் நின்று தானே பூட்டினான். பூட்டினவன் காற்றுக் குழாய்க்குள் ஒரு சின்ன இரும்பு வளையத்தை, வாசரை, மறந்து விட்டுவிட்டான். ஸ்டார்ட் பண்ணியதும் 'கிளிங்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து அந்தப் பிக்கப் மிதிக்க மிதிக்க இரண்டு குரலில் விசிலடித்தது. ஒன்று மெல்லியது, மற்றது அதன் பின்னாலேயே இழுபட்டு வருவது. கனகசிங்கம் வாயில் வந்தபடி ஏசினார். "கண்ணைப் பிடரியிலயா வெச்சிருந்த?" பொடியன் சிரித்தான். "நல்லதுதானே அப்பா. வயல் வட்டை முடியிற இடத்துல நீங்க வரக்குள்ளயே எனக்குக் கேக்கும். சோத்தைச் சூடாக்கிருவன்" என்றான். சொன்னபடியே செய்தான். விசில் கேட்டால் அடுப்பில் சட்டி ஏறிவிடும்.

அடுத்த வருசம் சந்தைக்குப் போன இடத்தில் அவனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்னிக்குச் சண்டைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. யுத்தம் முடிந்த 2009 வைகாசியில், சரணடைந்தவர்களின் வரிசையில் அவனைக் கண்டதாக ஒரு மனிசி சொன்னாள். ஒரு பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. வேறு பெயர் கொடுத்திருப்பான் என்று கனகசிங்கம் நம்பினார். நம்பாவிட்டால் என்ன செய்வது, சொல்லுங்கள்! பொலன்னறுவை வீதியோரத்தில் பிடிபட்டவர்களை வைத்திருக்கும் காம்ப் ஒன்று இருந்தது. ஒரு வருசமாக வியாழன் தவறாமல், காலை பத்து மணிக்கு, நெல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் அந்த முள்வேலியோரமாக இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டு போனார். அப்பா உயிரோடு இருக்கிறார், தேடுகிறார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்தால் எப்படியாவது ஒரு சொல் அனுப்புவான். அன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை.

இதையெல்லாம் கேட்ட இப்றாஹிம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குப் போன அவன் காக்கா என்று கூப்பிடும் மூத்த அண்ணனும் இன்னும் வரவில்லை. கொண்டுபோனவர்கள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

"ஒண்டு செய்யலாம்" என்றான் கடைசியில். "ஜப்பான் டேர்போவுக்குள்ள உங்கட பழைய விசிறியைப் போடலாம். நல்ல சாமானை நானே கெடுக்கிறன், அல்லா மன்னிக்கட்டும். ஆனா சமநிலை இல்லாத விசிறி தண்டைத் தாங்குற பெயரிங்கைத் திண்டுபோடும். ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாளும் நான் பொறுப்பில்ல."

"அதைப் போடு தம்பி."

பூட்டி முடிந்ததும் இப்றாஹிம் வண்டியை ஒரு மிதி மிதித்தான். மெல்லிய குரல் வந்தது, அதன் பின்னால் மற்றது இழுபட்டு வந்தது. கனகசிங்கம் வெட்கம் பாராமல் கராஜ் நடுவில் நின்று அழுதார்.

வியாழக்கிழமை புறப்பட்டபோது ஓட்டமாவடிச் சந்தியில் வதனி என்றொரு இளம்பெண் பஸ் தவறி நின்றாள். அவள் புருசன் அதே காம்பில்தான் இருந்தான். அவளுக்குப் பார்க்க அனுமதி இருந்தது. கனகசிங்கம் ஏற்றிக்கொண்டார். அவளைக் கேற்றில் இறக்கிவிட்டு, வேலியோரமாக ஒரு தடவைக்கு இரண்டு தடவை மிதித்துப் போய்வந்தார். மதியம் அவள் சிரித்த முகத்தோடு வந்து ஏறினாள்.

"என்ன புள்ள, புருசன் சுகமா?"

"சுகம் மாமா. உங்கட வண்டிக் கதைதான் உள்ளுக்கெல்லாம்! போன கிழமை விசில் கேக்கல்லையெண்டு எல்லாரும் தேடினவங்களாம். அதைக் கேட்டுத்தான் வியாழக்கிழமையெண்டு நாள் பிடிக்கிறதாம்."

கனகசிங்கம் வேகத்தைக் குறைத்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆர்ர வண்டியாம்? ஆரும் சொல்லல்லையா?"

"அதுதான் மாமா பகிடி. நெல்லு வண்டியெண்டு ஒருத்தர், தண்ணி கொண்டுவாற பவுசரெண்டு இன்னொருத்தர். பந்தயம் வேற. அத்தனை பேர் இரிக்காங்க, ஒருத்தருக்கும் தெரியா. நான் இண்டைக்குச் சொல்லித்தான் வவுணதீவு ஆள்ர வண்டியெண்டு தெரியும்."

"ஒருத்தருக்குமா?"

"ஓம் மாமா, ஒருத்தருக்கும்."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணில் தூசு என்றார். வதனி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் முகம் கழுவி முடிக்க நிறைய நேரம் ஆயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? தன் கதை அந்த மனிசனுக்குப் பிடித்ததா இல்லையா என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சந்தியில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனார். விசிலைக் கேட்டே இப்றாஹிம் வெளியில் வந்தான். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

"இல்லையா அண்ணன்?"

"இஞ்ச இல்ல." கனகசிங்கம் இறங்கவில்லை. "வவுனியாப் பக்கம் கன காம்ப் இரிக்காமே?"

"இரிக்கி. ஆனா அண்ணன், நான் சொன்னன், இது ஆறு மாசத்துக்குத்தான்."

"இருபத்தாறு வியாழக்கிழமை" என்றார் கனகசிங்கம். "கிழமைக்கொரு காம்ப் எண்டு பாத்தா, போதும்."